பழைய வீட்டைப் புதுப்பித்தல்

(பங்கின் ஜூபிலிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஜூபிலி வந்தால் கோயிலுக்கு வெள்ளை அடிக்கிறோம், கொடிமரத்துக்கு வர்ணம் பூசுகிறோம். அப்படியே அவரவர் வீட்டையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறோம். 'உறவினர்கள் வருவார்களே, வீடு இந்தக் கோலத்தில் கிடக்கிறதே' என்ற கவலை யாருக்குத்தான் இல்லை? ஆகவே வீட்டைப் புதுப்பிப்பதைப் பற்றி இன்று பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டது மிகவும் பொருத்தமேயாகும்.

நாம் பேசப் போவது 1950, 1960-ஆம் ஆண்டுகளில் நம் தந்தையரும் பாட்டனாரும் கட்டிவைத்த வீடுகளைப் பற்றி. அவற்றுக்கு இன்று 60, 70 வயதாகிறது. அவற்றைக் கட்டியவர்களில் பலர் கல்லறைத் தோட்டத்தில் இளைப்பாறுகிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் உழைக்கிறார்கள். வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதான தாயோ தந்தையோதான். 'அந்தப் பழைய வீட்டை இடித்துத் தள்ளுங்கள் அம்மா, டெரஸ் போட்டுவிடலாம்' என்று மகன் தொலைபேசியில் சொல்லிவிடுகிறான். பாசத்தினால்தான் சொல்கிறான், அதில் ஐயமில்லை. ஆனால் இடிப்பதற்கு ஒரு நாள் போதும். கட்டி முடிப்பதற்குள் கையிருப்பு கரைகிறது, கடன் ஏறுகிறது, காட்டுப் பத்திரம் அடகுக்குப் போகிறது. பாதி எழும்பிய சுவருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் தாய் இரண்டு கோடையைக் கழிக்கிறாள். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: பழைய வீட்டில் பணத்தைப் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தண்ணீர், இரண்டாவது உயிர், மூன்றாவது வசதி, கடைசியில்தான் அழகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, அழகில் தொடங்குகிறவர் இரண்டு முறை செலவு செய்வார்.

முதலில் பார்க்க வேண்டும்

திருவிவிலியத்தில் லேவியர் நூல் 14-ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு சட்டம் இருப்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ பூசணம் போன்ற கறை கண்டால், வீட்டுக்காரர் குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும். குரு வந்ததும் இடிக்கச் சொல்வதில்லை. முதலில் சாமான்களை வெளியே எடுக்கச் செய்கிறார். பார்க்கிறார். வீட்டை ஏழு நாள் பூட்டி வைக்கிறார். மறுபடியும் வந்து பார்க்கிறார். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்தெடுத்து, உட்பூச்சைச் சுரண்டி, வேறு கல் வைத்து, புதிதாகப் பூசச் சொல்கிறார். அதன் பிறகும் கறை திரும்பி வந்தால்தான் வீட்டை இடிப்பது. இத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எவ்வளவு பொறுமை பாருங்கள்! பார்த்தல், காத்திருத்தல், கெட்டதை மட்டும் மாற்றுதல், முடியாதபோது இடித்தல். இன்றைய நல்ல பொறியாளரும் இதே முறையைத்தான் சொல்வார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நம் வீடுகள் எதனால் கட்டப்பட்டவை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் சிமெண்டு எளிதில் கிடைக்கவில்லை. அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பொருள் அது. பெர்மிட்டுக்கு அலைந்த கதையை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 1982-இல்தான் அந்தக் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது, 1989-இல் முழுவதும் நீங்கியது. ஆகவே நம் முன்னோர் மலையடிவாரத்துக் கருங்கல்லையும் மண்ணையும் சுண்ணாம்பையும் நம்பிக் கட்டினார்கள். ஒன்றரை, இரண்டு அடி கனமுள்ள சுவர், மேலே பனங்கைகளும் ரீப்பரும் வைத்துச் சீமை ஓடு. வசதியுள்ளவர்கள் தேக்கு விட்டத்தின்மேல் சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சாய்வாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டி, தட்டோடு பதித்து மச்சு கட்டினார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சாந்து அது. தரையில் சிவப்புக் காவி பூசினார்கள். இவை ஏழ்மையின் அடையாளமல்ல. கனத்த சுவர் பகல் வெயிலை மெதுவாகவே உள்ளே விடுகிறது. ஓட்டின் இடுக்குகளின் வழியே சூடான காற்று மேலே போய்விடுகிறது. நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளமோ பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்டு, நாம் படுக்கும் நேரத்தில் கீழே இறக்குகிறது. சித்திரை மாதத்தில் காரவள்ளியில் இரவைக் கழித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒன்று: தண்ணீர்

பழைய வீட்டின் முதல் பகைவன் வயதல்ல, தண்ணீர். நாம் மலையடியில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லிமலைச் சரிவில் விழும் மழை நம் வாசலைத் தேடி வருகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கும் இந்த இடத்தில் தண்ணீரின் வேகத்தை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் வீட்டைச் சுற்றி என்ன செய்திருக்கிறோம்? தெருவைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டதில் பல வீடுகளின் வாசல் தாழ்ந்துவிட்டது. முற்றத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டபோது சரிவைச் சுவர்ப்பக்கமே விட்டுவிட்டார்கள். தண்ணீர் அஸ்திவாரத்தில் நிற்கிறது. சுவரில் ஓதம் ஏறுகிறது. உப்புப் பூக்கிறது. பூச்சு பொரிந்து விழுகிறது.

அப்போது நாம் செய்யும் வைத்தியம் என்ன? கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் கெட்டியாகச் சிமெண்டுப் பூச்சு வைக்கச் சொல்கிறோம். இதுதான் நோயைப் பெருக்கும் மருந்து. மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் உள்ளே போன ஈரத்தைக் காற்றில் உலர்த்திக்கொள்ளும் தன்மையுடையவை. சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறுகிறது. முன்பு ஒரு அடி உயரத்தில் இருந்த ஓதம் மூன்று அடிக்குப் போகிறது. சில ஆண்டுகளில் பூச்சு பலகை பலகையாக விழுகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற வர்ணத்தை அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

செய்ய வேண்டியது எளிது. சுவரைச் சுற்றி மண்ணைத் தாழ்த்தி, சரிவை வெளிப்பக்கமாகத் திருப்பி, ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். ஓட்டின் விளிம்பில் தகரத் தாரை வைத்து, குழாய் வழியாக மழைநீரைத் தள்ளி விடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அந்தக் குழியைச் சுவரிலிருந்து தள்ளித் தோண்டினால் வீட்டுக்கும் நன்மை, கிணற்றுக்கும் நன்மை. பிறகு பழைய சிமெண்டுப் பூச்சைச் சுவரின் அடிப்பகுதியிலாவது பெயர்த்து, ஒரு கோடை முழுவதும் சுவரை உலர விட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளை அடியுங்கள். அந்த வேலை தெரிந்த மேஸ்திரிகள் இன்று குறைந்து வருகிறார்கள். இருப்பவர்களுக்கு வேலை கொடுத்தால்தான் இளைஞர்களும் கற்றுக்கொள்வார்கள்.

கூரை வேலையைப் பங்குனி, சித்திரையிலேயே முடித்துவிட வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்றுவதோடு நிற்காமல், கைமரத்தின் நுனி சுவருக்குள் போகும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கரையான் தின்ற மரம் பொத்தென்று ஒலிக்கும். கெட்ட மரத்தை மட்டும் மாற்றலாம். விறகடுப்பின் புகை பல ஆண்டுகள் பூச்சியை விரட்டி வந்தது. கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தக் காவல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் காலத்திலேயே சிலர் கான்கிரீட் தளமும் போட்டார்கள். அதில் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். விழுந்த இடத்தில் சிமெண்டை அப்பி வர்ணம் பூசுவது புண்ணின்மேல் துணி போர்த்துவது போன்றது. தளர்ந்ததை எல்லாம் தட்டி எடுத்து, கம்பியின் பின்புறம் வரை துருவைத் தேய்த்துவிட்டு, அதற்குரிய பூச்சும் சாந்தும் வைக்க வேண்டும். தளம் நடுவில் தொய்ந்திருந்தாலோ, கம்பி பாதியாக இளைத்திருந்தாலோ பொறியாளரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இரண்டு: உயிர்

நம் பெரியவர்கள் மின்சாரம் வாங்கியபோது வீட்டுக்கு நாலு பல்பும் ஒரு ரேடியோவும்தான். அதே மரப்பட்டைக் கம்பியில் இன்று பிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், மோட்டார், வெந்நீர்ப் பெட்டி எல்லாம் ஓடுகின்றன. பல வீடுகளில் எர்த் கிடையாது. ஃப்யூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறோம். வர்ணம் பூசும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து முதலில் வயரிங்கை மாற்றுங்கள், எர்த் போடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியை வையுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் குழந்தையின் உயிருக்கு முன் அந்தக் கருவியின் விலை ஒரு பொருட்டா?

இன்னும் இரண்டு ஆபத்துகள் பழைய வீட்டில் மறைந்திருக்கின்றன. ஒன்று, மாட்டுக்கொட்டகையிலும் தாழ்வாரத்திலும் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் ஷீட்டு இன்னும் விற்பனையாகிறது. அசையாமல் இருக்கும் ஷீட்டைவிட, உடைத்து, அறுத்து, துளையிடும்போது பறக்கும் தூசியே பெரிய கேடு. எடுக்க வேண்டுமானால் நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும். மற்றொன்று, பழைய கதவு ஜன்னல்களின் எனாமல் வர்ணம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வர்ணத்தைக் காய்ந்தபடியே தேய்த்தால் தூசி குழந்தையின் வாய்க்குள் போகும். ஈரப்படுத்தித் தேய்த்து, சின்னஞ்சிறுசுகளை அந்த நாட்களில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கல்லும் மண்ணும் கொண்ட சுவரின்மேல் மாடி எழுப்பும் ஆசையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சுவர் ஓட்டுக்கூரையைத் தாங்கவே கட்டப்பட்டது. பொறியாளர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துச் சொல்லாமல் அதன்மேல் கான்கிரீட் பாரத்தை ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்று: வசதி

இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்போம். முழங்கால் தேய்ந்த தாயார் இருக்கிறார். கழிப்பறை பின்புறத்தில், தென்னை மரத்துக்கு அப்பால். இரவில் போக அஞ்சி, மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடும் தாய்மார்கள் நம்மிடையே எத்தனை பேர்! வாசலில் கிரானைட் பதித்த வீட்டிலும் இந்த அவலம் உண்டு. நவீனம் என்பது என்ன? அந்தத் தாய் நள்ளிரவில் யாரையும் எழுப்பாமல், விழாமல், வெளிச்சத்தில் போய் வருவதுதான் நவீனம்.

அதற்கு மாளிகை வேண்டாம். படுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஐந்துக்கு ஏழு அடி இடம் போதும். வாசல் மூன்றடி அகலம் இருந்தால் பிற்பாடு சக்கர நாற்காலியும் நுழையும். வாசல்படித் தடுப்பு வேண்டாம். உட்காரும் கோப்பை, பிடித்து எழ இரண்டு கைப்பிடிக் கம்பி, வழுக்காத சொரசொரப்பான தரை, கட்டிலிலிருந்தே எட்டும் சுவிட்ச். திண்ணைப் படிக்கு ஒரு கைப்பிடி. இந்தச் சிறு வேலைகளை இந்த ஜூபிலி ஆண்டிலேயே எல்லா வீடுகளிலும் முடிக்க முடியாதா?

கழிவுத்தொட்டியைக் கிணற்றிலிருந்து சுமார் 60 அடியாவது தள்ளி அமைக்க வேண்டும். பழைய தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவரைக் கயிறு கட்டி இறக்கும் பாவத்தை நாம் செய்யக் கூடாது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இத்தகைய மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இறந்தவரின் பிள்ளைகளுக்கு அப்பாவை எந்தத் தொகை திருப்பித் தரும்? இயந்திர வண்டியைக் கூப்பிடுங்கள்.

வெளிச்சத்துக்கு நாலு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு வைக்கலாம். சமையலறையில் நின்று சமைக்க மேடை கட்டி, எதிரெதிரே ஜன்னல் திறந்தால் காற்று ஓடும். ஓட்டின் அடியில் பலகை அடித்தாலும் மேலே காற்றுப் போக வழி விட வேண்டும்.

பிற இடங்களில் செய்து காட்டியவர்கள்

இவை ஏதோ கிராமத்துச் சிக்கனம் என்று இளைஞர்கள் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்து இந்தியாவையே தம் நாடாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை அறிந்திருப்பீர்கள். இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அங்குள்ள மக்கள் உள்ளூர்க் கல்லில் கட்டும் முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் அவர். பின்னர் திருவனந்தபுரத்தில் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஏழைகளுக்கான சிக்கன வீடுகளுக்காக அவரை நாடினார். ஸ்ரீகாரியத்தில் லயோலா சிற்றாலயத்தையும் அவர் கட்டினார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் இருந்த தம் சொந்த வீட்டை ஒரே மூச்சில் கட்டாமல், தேவை வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். இடிக்கப்பட்ட வீடுகளின் மரங்களையும் கதவுகளையும் வீணாக்காமல் எடுத்துப் பயன்படுத்தினார். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் அவ்வளவு கான்கிரீட் தேவையில்லை என்று கண்டு, அங்கே பழைய சீமை ஓடுகளை வைத்து வார்த்தார். செலவும் குறைந்தது, சூடும் குறைந்தது. நம் வீட்டில் கழற்றும் ஓட்டைக் குப்பையில் கொட்டும் முன் இதை நினைக்கலாமே! 1990-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2007-இல் காலமானார்.

பணக்கார நாடான பிரான்சிலும் இதே கேள்வி எழுந்தது. போர்தோ நகரில் 1960-களின் தொடக்கத்தில் கட்டிய மூன்று அடுக்குமாடிகளில் 530 வீடுகள் பழமையடைந்து நின்றன. ஆன் லகாட்டோன், ழான் பிலிப் வசால் என்ற இருவரும் தம் துணைவர்களோடு சேர்ந்து அவற்றை இடிக்காமல், குடியிருந்தோரை வெளியேற்றாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கண்ணாடியிட்ட அகன்ற தாழ்வாரத்தைச் சேர்த்தார்கள். இருட்டறைக்கு வெளிச்சமும் காற்றும் வந்தன. 2019-இல் ஐரோப்பாவின் பெரிய கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது. 2021-இல் அந்த இருவருக்கும் உலகப் புகழ்பெற்ற பிரிட்ஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. நம் பாட்டன் கட்டிய திண்ணையைப் போன்ற ஒன்றைச் சேர்த்ததற்குத்தான் இந்தப் பெருமை என்றால் அது மிகையாகாது.

நான்கு: அழகு

தண்ணீர் நின்று, ஆபத்து நீங்கி, வசதி வந்தபின் அழகு தானாகவே வரத் தொடங்கும். காவித் தரையைப் பெயர்த்து வழவழப்பான டைல்ஸ் போடுவதற்கு முன் அதைத் தேய்த்து மெழுகிட்டுப் பாருங்கள். எனாமலை நீக்கினால் கதவில் பழைய தேக்கின் வரி தெரியும். மிஞ்சிய பணத்தில் விரும்பிய வர்ணம் பூசிக்கொள்ளுங்கள். அதை யாரும் தடுக்கப் போவதில்லை.

இடிக்கவே வேண்டிய வீடும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அஸ்திவாரம் இறங்கி, சுவர் வயிறு தள்ளி, மூலை பிளந்து, பார்த்துச் செய்த பழுதும் நிற்கவில்லை என்றால் மனம் கலங்காமல் இடியுங்கள். அப்போதும் கல்லையும் மரத்தையும் ஓட்டையும் காப்பாற்றுங்கள். நமக்கு மேலே மலைமீது வாழும் மக்களுக்குக் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வளைவு வளைவாக ஏறிப் போக வேண்டியிருக்கிறது. ஏற்றுக் கூலியும் விலையோடு சேர்கிறது. அந்த அருமை தெரிந்தவர்கள் ஒரு கல்லையும் எறிய மாட்டார்கள்.

கையில் பணமில்லாதவர்களும் சோர்ந்துபோக வேண்டாம். 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2024-இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. உங்கள் வீடு அதில் சேருமா என்று ஊராட்சியிலும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் விசாரியுங்கள். வாய்க்கால் வெட்டவும் ஓடு மாற்றவும் நம் பங்கு இளைஞர்கள் முன்வந்தால், தனியே வாழும் விதவைத் தாயின் வீட்டில் இந்த ஐப்பசிக்கு ஒழுகாது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பணம் அனுப்பும் முன் ஊருக்கு வாருங்கள். ஒரு மழை இரவையும் ஒரு வெயில் பகலையும் அந்த வீட்டில் கழியுங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே இருட்டு, எந்தப் படியில் அம்மா தடுமாறுகிறார் என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு அவரிடமே கேளுங்கள்: 'அம்மா, உங்களுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?' பெரும்பாலும் அவர் கேட்பது மாடியாக இருக்காது. பின்கட்டில் ஒரு விளக்காகவோ, கழிப்பறையாகவோ, ஒழுகாத ஒரு மூலையாகவோ இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.